என்3 சாலையும் கனரக லாரிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்களில் பெரும்பாலானவை என்3 நெடுஞ்சாலை வழியாகவே ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஏறுகின்றன. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், கிளேர்வுட், ஐசிபிங்கோ பக்கம் ஒன்றிரண்டு டிப்பரோ லாரியோ வைத்துப் பிழைப்பவர்களுக்கும் அதே சாலைதான். ஜோஹன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் காரில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் அதே சாலைதான். இரு தரப்பும் கேட்பவை இங்கே கலந்தே இருக்கின்றன. கீழே வரும் சட்ட அளவுகள் 1996-ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும் அதன் கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு விதிகளிலும் உள்ளவை.

எந்த லாரிக்கு எந்த லைசென்ஸ் வேண்டும்?

வண்டியின் ஜி.வி.எம்., அதாவது வண்டியும் சுமையும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட உச்ச எடைதான் கணக்கு. 3,500 கிலோ வரை பி. அதற்கு மேல் 16,000 கிலோ வரை சி1. அதையும் தாண்டினால் சி. பின்னால் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லர் இழுத்தால் முன்னால் ஓர் இ சேரும்: இபி, இசி1, இசி. இரண்டு ட்ரெய்லர் கோத்த சூப்பர்லிங்க் ஓட்ட இசி வேண்டும். வேலை விளம்பரங்களில் இன்னும் பழைய பெயர்களே ஓடுகின்றன: கோட் 10 என்றால் சி1, கோட் 14 என்றால் இசி.

"இன்று லாரி காலிதானே, பி லைசென்ஸ் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. பிளேட்டில் எழுதியிருக்கும் எடையைத்தான் சட்டம் பார்க்கும். அன்றைக்கு ஏற்றிய சுமையை அல்ல.

லைசென்ஸ் இருக்கும்போது பி.ஆர்.டி.பி. எதற்கு?

3,500 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டியை ஓட்டுபவர் எல்லோரும் பி.ஆர்.டி.பி. எனப்படும் தொழில்முறை ஓட்டுநர் அனுமதி வைத்திருக்க வேண்டும். சாதாரணச் சரக்குக்கு ஜி வகை (குறைந்தபட்ச வயது 18), பயணிகளுக்குப் பி (P) வகை (21), அபாயகரமான சரக்குக்கு டி வகை (25). இரண்டு ஆண்டுகள் செல்லும். மருத்துவச் சான்றும் கண் பரிசோதனையும் ஒவ்வொரு முறையும் புதிதாக வேண்டும்.

சின்ன முதலாளிகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். லைசென்ஸ் அட்டை ஐந்து ஆண்டு செல்லும், பி.ஆர்.டி.பி. இரண்டே ஆண்டு. அட்டையின் தேதியை மட்டும் பார்த்துவிட்டு ஓட்டுநரை அனுப்புகிறார்கள். பி.ஆர்.டி.பி. காலாவதியான ஓட்டுநர் விபத்தில் சிக்கினால், தவறு எதிர்த்தரப்பு மீதே இருந்தாலும், இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான். புதுப்பிக்க விண்ணப்பிப்பதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் லாரி ஓட்ட முடியாதா?

முடியும். சட்டம் தடுப்பது கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயை. நம் ஆட்களிடையே சர்க்கரை அதிகம் என்பதால் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. மறைத்துவிட்டு ஓட்டுவதுதான் ஆபத்து. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் வண்டி எடுப்பதற்கு முன்னும், வழியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் அளந்து பார்ப்பது நல்லது. குளுக்கோஸ் மாத்திரையைக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். இருக்கைக்குப் பின்னால் உள்ள பையில் இருந்தால் பயனில்லை. வியர்வை, கை நடுக்கம், பார்வை மங்கல் தெரிந்தால் ஓரம் கட்டி, இனிப்பு சாப்பிட்டு, மறுபடி அளந்து, தலை தெளிந்து முக்கால் மணி நேரமாவது ஆன பிறகே கிளம்ப வேண்டும்.

லாரிக்கு வேக வரம்பு என்ன?

ஜி.வி.எம். 9,000 கிலோவுக்கு மேல் என்றால் மணிக்கு 80 கி.மீ. சாலையில் 120 என்று பலகை இருந்தாலும் லாரிக்கு 80தான்.

56 டன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எப்படிக் கணக்காகிறது?

மூன்று தனித்தனிச் சோதனைகள் உண்டு. மூன்றிலும் தேற வேண்டும்.

முதலாவது, அச்சு எடை. ஸ்டியரிங் அச்சுக்கு 7,700 கிலோ. நான்கு டயர் பூட்டிய ஒற்றை அச்சுக்கு 9,000. அப்படிப்பட்ட இரண்டு அச்சு சேர்ந்த தொகுதிக்கு 18,000. மூன்று அச்சுத் தொகுதிக்கு 24,000.

இரண்டாவது, மொத்த எடை. எத்தனை அச்சு இருந்தாலும் 56,000 கிலோவைத் தாண்டக் கூடாது. ஏழு அச்சு சூப்பர்லிங்கின் அச்சு வரம்புகளைக் கூட்டிப் பாருங்கள்: 7.7 + 18 + 18 + 18 = 61.7 டன். ஆக ஒவ்வோர் அச்சும் வரம்புக்குள் இருக்க, மொத்தத்தில் ஐந்து டன் மிஞ்சி மாட்டிக்கொள்ள முடியும்.

மூன்றாவது, பாலச் சூத்திரம். எந்த இரு அச்சுகளை எடுத்தாலும், அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை மீட்டரில் அளந்து 2,100-ஆல் பெருக்கி 18,000-ஐக் கூட்ட வேண்டும். வரும் எண்தான் அந்த அச்சுக் கூட்டம் தாங்கக்கூடிய கிலோ. 56 டன் ஏற்ற முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே ஏறக்குறைய 18.1 மீட்டர் வேண்டும். குட்டை ட்ரெய்லர் வாங்கியவர்கள் இதைப் பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். கனமான வண்டி பாலத்தின் ஒரே இடைவெளிக்குள் குவிந்து நிற்கக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

இவை போக, வண்டி தயாரிப்பாளரும் டயர் தயாரிப்பாளரும் சொல்லும் அளவு குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த அளவே வரம்பு.

கன்டெய்னர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. சூப்பர்லிங்கின் வெற்று எடை 20 டன்னுக்கு மேலேயே வரும். மிச்சம் 34, 35 டன். 24 டன் எடையுள்ள 20 அடிப் பெட்டிகள் இரண்டை அதில் ஏற்ற வழியே இல்லை. ஏற்றுமதிப் பெட்டிகளின் எடையைச் சரிபார்த்துக் கப்பலுக்குச் சொல்ல வேண்டும் என்பது 2016 ஜூலை முதல் உலக விதி. இறக்குமதிப் பெட்டியின் எடையும் தாளில் இருக்கும். லாரியை அனுப்புவதற்கு முன் அந்தத் தாளைப் படிப்பவர்தான் குறைவு.

10 க்யூப் டிப்பரில் மணல் விளிம்பு மட்டம் வரை ஏற்றினால் தவறா?

மணல் காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. காய்ந்த மணல் ஒரு க்யூப், அதாவது ஒரு கன மீட்டர், சுமார் 1.6 டன்; நன்றாக நனைந்தது 1.9 முதல் 2 டன் வரை போகும். பத்து க்யூபில் வித்தியாசம் மூன்று நான்கு டன். மூன்று அச்சு டிப்பருக்கு அச்சுக் கணக்கில் உச்சம் 7.7 + 18 = 25.7 டன். டிப்பரே 10 டன் என்று வைத்தால் சுமைக்கு மிஞ்சுவது 15.7. காய்ந்த மணலே மட்டம் வரை ஏற்றினால் இழுபறி. மழை பெய்த மறுநாள் அதே மட்டத்துக்கு ஏற்றினால் நிச்சயம் மீறல். மழைக்காலத்துக்கென்று தொட்டியின் உட்புறத்தில் தாழ்வாக ஒரு கோடு வரைந்து வைப்பவர்கள் உண்டு. செலவே இல்லாத நல்ல பழக்கம்.

மணலை முன்பக்கம் குவித்தால் ஸ்டியரிங் அச்சு மீறும், பின்பக்கம் குவித்தால் ஸ்டியரிங் லேசாகி வளைவில் பிடி தளரும். லோடர் ஓட்டுபவரிடம் சொல்ல வேண்டியது எத்தனை வாளி என்பது மட்டுமல்ல, எங்கே கொட்ட வேண்டும் என்பதும்தான்.

எடைமேடையில் என்ன நடக்கும்?

குவாஸூலு-நட்டாலில் ம்கொண்டேனி, வெஸ்ட்மீட், பார்க் ரைனி, க்ரௌட்வில், எம்பாங்கேனி போன்ற இடங்களில் எடைமேடைகள் உண்டு. என்3-இன் மறுமுனையில் ஹைடல்பர்க். அச்சு அச்சாக ஏற்றி எடை எடுப்பார்கள். மீறல் சிறியதென்றால் அபராதம், பெரியதென்றால் வழக்கு. எதுவானாலும் சுமையைச் சரிசெய்யாமல் வண்டியை மேலே போகவிட மாட்டார்கள். இன்னொரு லாரியும் ஃபோர்க்லிஃப்டும் ஆட்களும் அங்கே வரவழைக்க வேண்டியிருக்கும். அபராதத்தை விட அதற்குத்தான் செலவு அதிகம்.

வழக்குத் தொடுப்பதற்கு முன் ஒரு சிறு சலுகை விளிம்பு கொடுப்பதுண்டு. எடைக்கருவியில் வரும் பிசகுக்காக வைத்தது அது. "அந்த விளிம்பு வரை ஏற்றலாம்" என்று கணக்குப் போட்டு ஏற்றுபவர், தன் யார்டு எடைமேடை பத்தாண்டாகச் சரிபார்க்கப்படாதது என்பதை மறந்துவிடுகிறார்.

சாலைக்கு என்ன கேடு என்று கேட்டால்: அச்சு எடை கூடும்போது சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடும். ஓர் அச்சில் 20 சதவீதம் மிகைப்படுத்தினால் சேதம் இரட்டிப்பு.

சரக்கை ஏற்றி அனுப்புபவருக்குப் பொறுப்பு கிடையாதா?

உண்டு. ஒரு மாதத்தில் 5,00,000 கிலோவுக்கு மேல் சரக்கு அனுப்பும் நிறுவனம், வண்டி வெளியேறுவதற்கு முன் எடை வரம்புக்குள் இருக்கிறதா என்று அறியும் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். மிகைச் சுமை என்று தெரிந்தால் வெளியே விடக் கூடாது. "ஏற்றாவிட்டால் அடுத்த முறை லோடு கிடையாது" என்று மிரட்டப்படும் சின்ன லாரிக்காரருக்கு இந்த விதி கையில் ஒரு பிடி. மறுப்பை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் போட்டு வையுங்கள்.

எஸ்.ஏ.என்.எஸ். 1395 என்ற தென்னாப்பிரிக்கத் தேசியத் தரத்தின்படி இயங்கும் ஆர்.டி.எம்.எஸ். என்ற சுயக் கட்டுப்பாட்டுத் திட்டமும் உண்டு. ஏற்றும் எடை, ஓட்டுநர் உடல்நலம், வேகம், டயர் எல்லாவற்றுக்கும் பதிவு வைத்து ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்பட வேண்டும். பெரிய கரும்பு, மரம், சர்க்கரைச் சரக்கு ஒப்பந்தங்களில் இதைக் கேட்கிறார்கள்.

"பிரேக் ஃபெயில்" என்று செய்தியில் வருகிறதே, காற்று பிரேக் திடீரென்று எப்படிச் செத்துப்போகும்?

பெரும்பாலும் திடீரென்று சாவதில்லை. காற்று முழுவதும் போனால் பார்க்கிங் ஸ்பிரிங் தானே பிரேக்கைப் பிடித்துவிடும், வண்டி நின்றுவிடும். மலையிறக்கத்தில் நடப்பது வேறு. காற்று இருக்கிறது, பெடல் வேலை செய்கிறது, ஆனால் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் ட்ரம் பழுக்கக் காய்ந்துவிட்டது.

கணக்கு இது. 56 டன் வண்டி 6 சதவீதச் சரிவில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தை அப்படியே பிடித்துக்கொண்டு இறங்க வேண்டுமானால், நொடிக்கு நொடி சுமார் 366 கிலோஜூல் ஆற்றலை எங்கேயாவது கரைக்க வேண்டும். டயர் உருளும் உராய்வு அதில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் எஞ்சின் பிரேக்குக்கும் ட்ரம்முக்கும். அந்தச் சரிவு 5 கி.மீ. நீண்டால், மொத்த ஆற்றல் அதே வண்டியை மணிக்கு 80-இல் இருந்து பன்னிரண்டு முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். இதை முழுக்க ட்ரம்மின் தலையில் கட்டினால், ட்ரம்மை உள்ளிருந்து பிடிக்கும் ஷூவின் மேலுள்ள லைனிங்கின் பிடி தளரும். சூட்டில் ட்ரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். அதை எட்டிப் பிடிக்க, ஷூவை இயக்கும் கம்பியான புஷ்ராட் இன்னும் நீள வேண்டும். ஏற்கெனவே தளர்வாக இருந்த சக்கரத்தில் புஷ்ராட் தன் எல்லையை எட்டிவிடும், ஷூ தொடாது. ஓட்டுநர் பெடலை முழுக்க மிதித்திருப்பார், வேகம் கூடிக்கொண்டே இருக்கும்.

2013 செப்டம்பர் 5 அன்று பைன்டவுன் அருகே எம்13 சாலையின் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தின் அடியில், கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி டாக்சிகள் மீதும் கார்கள் மீதும் மோதி 24 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகே பெரிய லாரிகள் அந்த இறக்கத்தில் இறங்கத் தடை வந்தது. சுங்கம் மிச்சமாகும் என்று ஜி.பி.எஸ். அந்த வழியைக் காட்டினாலும் போகாதீர்கள். காருக்கான ஜி.பி.எஸ்.ஸுக்கு லாரி எது, கார் எது என்று தெரியாது.

அப்படியானால் என்3-இல் உள்ள டவுன் ஹில், வான் ரீனன் இறக்கங்களில் எப்படி இறங்க வேண்டும்?

உச்சியில் லாரிகளுக்குக் கட்டாய நிறுத்தம் என்ற பலகை இருந்தால் நிற்க வேண்டும். இரண்டு நிமிடம் போதும். காற்றழுத்தம் முழுதாக இருக்கிறதா, எந்தச் சக்கரமாவது ஏற்கெனவே சூடா என்று பார்த்துவிட்டு, அங்கேயே கியரைத் தேர்ந்தெடுங்கள். ஏறிய கியரை விட ஒன்று குறைவு என்பது பழைய பாடம். வலிமையான எஞ்சின் வந்த பிறகு அது போதாது. வண்டி உயர் கியரிலேயே ஏறிவிடுகிறது. எஞ்சின் பிரேக்கும் ரெட்டார்டரும் (ட்ரம்மைத் தொடாமல் வேகத்தைக் குறைக்கும் கருவி) மட்டுமே வேகத்தைத் தாங்கும் கியர் எதுவோ அதுதான் சரி.

இறங்கத் தொடங்கிய பின் கியரைக் குறைக்கலாம் என்று எண்ண வேண்டாம். நியூட்ரலுக்கு வந்த நொடியில் எஞ்சின் பிடி போய்விடும், வேகம் கூடிவிடும், கீழ்க்கியர் விழாது. ஓடிப்போன லாரிகளில் பலவற்றின் கதை இப்படித் தொடங்குவதுதான்.

கால் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே இறங்காதீர்கள். 40 கி.மீ. வரம்பென்று வைத்தால், 40 தொட்டதும் திடமாக மிதித்து 32-க்குக் கொண்டுவந்து முழுதாக விடுங்கள். மறுபடி 40 வரும் வரை ட்ரம்முக்கு மூச்சு கிடைக்கும். திடமாக மிதிக்கும்போதுதான் எல்லா அச்சிலும் பிரேக் சமமாகப் பிடிக்கும். லேசான மிதியில் ட்ரெய்லரின் ஒன்றிரண்டு சக்கரம் மட்டும் எல்லா வேலையையும் செய்து வெந்துபோகும்.

மழையில் காலி ட்ரெய்லரோடு ரெட்டார்டரை உச்சத்தில் வைத்தால் ஹார்ஸின், அதாவது ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டியின், பின்சக்கரம் வழுக்கி வண்டி மடங்கும். ஒரு படி குறைத்து வையுங்கள்.

தீய்ந்த வாடை வந்தால் நின்றுவிடுங்கள். பிரேக் போய்விட்டதென்றால், தப்பிக்கும் மணல் படுக்கை எங்கே இருந்தாலும் தயங்காமல் அதற்குள் விடுங்கள். வண்டி சேதமாகும், கிரேன் கூலி ஆகும், அவ்வளவுதான்.

யார்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் பிரேக்கை எப்படிச் சோதிப்பது?

சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். காற்றுத் தொட்டிகளின் வடிகாலைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரெசர் தேய்ந்திருக்கிறது. எஞ்சினை ஓட்டி அழுத்தம் உச்சத்துக்கு வரட்டும், பெரும்பாலான வண்டிகளில் 8 பாருக்குச் சற்று மேல். எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, கால் பிரேக்கை ஒரு நிமிடம் முழுக்க அழுத்திப் பிடியுங்கள். மிதித்ததும் அழுத்தம் ஒருமுறை குறையும்; அதற்குப் பிறகு, ட்ரெய்லரோடு சேர்த்து நிமிடத்துக்கு 0.3 பாருக்கு மேல் குறைந்தால் எங்கோ கசிகிறது. பிறகு பெடலை விட்டு விட்டு மிதித்து அழுத்தத்தை இறக்குங்கள். 4 பாருக்குக் கீழே போவதற்குள் எச்சரிக்கை ஒலி வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்த பஸ்ஸரை யாரோ துண்டித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதுவும் நடக்கிறது.

அடுத்து ஸ்லாக் அட்ஜஸ்டர், அதாவது புஷ்ராடோடு சேர்ந்து பிரேக்கின் தளர்வைச் சரிசெய்யும் நெம்புகோல். பார்க்கிங் பிரேக் விடுவித்த நிலையில் கையால் வலுவாக இழுத்தால் புஷ்ராட் சேரும் இடத்தில் 25 மில்லிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. தானியங்கி அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் அதைக் கையால் முறுக்கிச் சரிசெய்வது பல பட்டறைகளின் வழக்கம். அன்றைக்கு ரோட்வர்த்தி, அதாவது வண்டித் தகுதிச் சான்று, கிடைக்கும். தேய்ந்த கேம் புஷ்ஷோ, தவறான கோணத்தில் பூட்டிய பிராக்கெட்டோ அப்படியே இருப்பதால் சில வாரங்களில் பழைய தளர்வு திரும்பிவிடும். தானியங்கி அட்ஜஸ்டர் தன்னால் சரியாகாவிட்டால் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள், முறுக்கச் சொல்லாதீர்கள்.

யார்டை விட்டுச் சில கி.மீ. ஓடி நிறுத்தியதும் ஒவ்வொரு ட்ரம்முக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். வெப்பமானித் துப்பாக்கி இருந்தால் இன்னும் நல்லது. எல்லோரும் சூடான சக்கரத்தைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது குளிர்ந்த சக்கரத்தையும்தான்: அது வேலையே செய்யவில்லை, அதன் பங்கை மற்றவை சுமக்கின்றன.

ட்ரெய்லர் பிரேக் கசிகிறதென்று குழாயை இறுக்கிக் கட்டிவிட்டு ஓட்டுவது, ஒரே அச்சில் இரண்டு கம்பெனி லைனிங் போடுவது, கடைந்து கடைந்து மெலிந்த ட்ரம்மை மறுபடி பூட்டுவது: இந்த மூன்றும் தட்டையான சாலையில் வெளியே தெரியாது.

டயர்?

சட்டப்படி பட்டன் ஆழம் குறைந்தது 1 மில்லிமீட்டர். மழை பெய்யும் நட்டால் கரையோரத்தில் அதை நம்பி ஓட்ட வேண்டாம். ஸ்டியரிங் டயரை 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுங்கள். இரட்டைச் சக்கரத்தில் உள்டயர் காற்றிழந்தால் வெளியே தெரியாது. வெளிடயர் இரட்டைச் சுமை தாங்கி, சூடேறி வெடிக்கும். காற்றைக் கேஜ் வைத்துப் பாருங்கள்.

சரக்கை எவ்வளவு இறுக்கிக் கட்ட வேண்டும்?

அவசரமாக பிரேக் போட்டால் சுமை தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் பாயும் என்று கணக்கிடுங்கள். பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீதம். 10 டன் சுமைக்கு முன்பக்கம் 8 டன். 50 மி.மீ. ராட்செட் பெல்ட்டின் லேபிளில் உள்ள 2,500 டெக்காநியூட்டன் என்பது நேராக இழுக்கும்போது அது தாங்கும் அளவு. மேலாகப் போட்டு இறுக்கும்போது கிடைக்கும் அழுத்தம் அதில் சிறு பகுதியே. அதனால் பெல்ட்டை மட்டும் நம்பாமல் சுமையை முன்சுவரோடு ஒட்டி அடுக்கி, இடைவெளியைக் கட்டையால் அடைத்து, அடியில் ரப்பர் பாய் போடுங்கள். கிளம்பி அரை மணி நேரத்தில் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். சுமை அமர்ந்து பெல்ட் தளர்ந்திருக்கும்.

கன்டெய்னரை ட்ரெய்லரோடு பிணைக்கும் நான்கு மூலை ட்விஸ்ட்லாக்கும் பூட்டியிருக்க வேண்டும், காலிப் பெட்டிக்கும்தான். வான் ரீனன் காற்றில் காலிப் பெட்டிதான் முதலில் பறக்கும்.

உயரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

சரக்கு வண்டிக்கு உயர வரம்பு 4.3 மீட்டர். 2.9 மீட்டர் உயரமுள்ள ஹை-க்யூப் பெட்டியைச் சாதாரண ட்ரெய்லரில் வைத்தால் அது மீறும். இதன் மேல் பல ஆண்டுகளாக விலக்கும் வாதமும் தொடர்கின்றன. ஓட்டுநருக்கு முக்கியம், தன் வண்டியின் அன்றைய உயரத்தைச் சென்டிமீட்டர் வரை தெரிந்து வைத்திருப்பது. 2022 டிசம்பர் 24 அன்று போக்ஸ்பர்க்கில் ஒரு எரிவாயு டேங்கர் தாழ்ந்த பாலத்தடியில் சிக்கி வெடித்து, பக்கத்து மருத்துவமனை ஊழியர்கள் உட்பட 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. ஆரஞ்சு நிறப் பலகையும் சாய்சதுரக் குறியும் உள்ள வண்டி எங்கே சிக்கிக்கொண்டு நின்றாலும், நீங்கள் போக வேண்டியது எதிர்த் திசையில், காற்றுக்கு எதிராக.

எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?

சாலைச் சட்டத்தில் மணிக்கணக்கு வரம்பு இல்லை. தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது: வாரம் 45 மணி நேர வேலை, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குப் பின் உணவு இடைவேளை, இரு நாள் வேலைக்கு நடுவே 12 மணி நேர ஓய்வு. சரக்குப் போக்குவரத்துத் துறைக்கான பேரம்பேசும் கவுன்சிலின் ஒப்பந்தம் இவற்றை மாற்றியமைத்திருப்பதால், உங்கள் வேலைக்கு எது பொருந்தும் என்பதை அதில் பாருங்கள். பேஹெட் சாலையில் துறைமுக வரிசையில் காத்திருக்கும் ஐந்து மணி நேரத்தை ஓய்வென்று எழுதும் முதலாளிகள் இருக்கிறார்கள். இருக்கையில் உட்கார்ந்து அடி அடியாக நகர்த்துவது ஓய்வல்ல. இரவு 2 முதல் 5 வரை எந்தக் காப்பியும் தூக்கத்தை வெல்லாது. இருபது நிமிடக் குட்டித் தூக்கம் வெல்லும், கொஞ்ச நேரத்துக்கு.

மது: தொழில்முறை ஓட்டுநருக்கு இரத்தத்தில் 100 மி.லி.க்கு 0.02 கிராம், மற்றவர்களுக்கு 0.05. முந்தின இரவு குடித்தது காலையில் 0.02-க்கு மேல் இருப்பது சாதாரணம்.

கார் ஓட்டுகிறவர் லாரிக்கு அருகில் எதைக் கவனிக்க வேண்டும்?

நிறுத்தும் தூரத்தை. 80-இல் வரும் நல்ல பிரேக் உள்ள லாரிக்கு, ஓட்டுநர் சுதாரிப்பதும் காற்று குழாயில் ஓடுவதும் சேர்ந்து, காய்ந்த சாலையில் 90 மீட்டர் வரை வேண்டும். லாரிக்கு முன்னால் இருக்கும் காலி இடம் அதற்காக விட்டது. அதில் நுழைந்து பிரேக் போடுபவர்கள் என்3-இல் தினமும் உண்டு.

இங்கே லாரி ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அதனால் இடப்பக்கம் கதவை ஒட்டி வரும் கார் அவருக்குத் தெரியாது. கண்ணாடிக்கு நேர் கீழே முன்னாலும், ட்ரெய்லருக்கு நேர் பின்னாலும் தெரியாது. ரோபோவில் (சிக்னலில்) இடப்பக்கம் திரும்ப வேண்டிய சூப்பர்லிங்க் முதலில் வலப்பக்கம் விலகும். இடம் கிடைத்தது என்று இடப்பக்கம் நுழைந்தால் பின் ட்ரெய்லர் உங்களை நடைபாதையோடு சேர்த்து நசுக்கும். கிளேர்வுட், ஜேக்கப்ஸ் சந்திப்புகளில் இது அடிக்கடி நடப்பது.

இறக்கத்தில் பின்னால் வரும் லாரி நீலப் புகையோடு ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தால் பிரேக் போடாதீர்கள். வேகம் கூட்டி ஓரத்துக்கு விலகுங்கள். வாகன நெரிசலில் கடைசி ஆளாக நிற்க நேர்ந்தால் நான்கு விளக்கையும் சிமிட்டவிட்டு, முன் காருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கார் நீளம் விட்டு, ஸ்டியரிங்கை ஓரமாகத் திருப்பி, உங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டி நிற்கும் வரை கண்ணாடியைப் பாருங்கள்.

லாரி மஞ்சள் கோட்டுக்கு அப்பால் ஒதுங்கி வழி விடுகிறதே, அது சட்டப்படி சரியா?

திசைக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள சாலையில், சூரியன் இருக்கும் நேரத்தில், 150 மீட்டர் தூரம் வரை தெளிவாகத் தெரிந்தால், முந்தவிடுவதற்காக மட்டும் ஒதுங்கலாம். இரவிலும் மூடுபனியிலும் கூடாது. அங்கே ஆள் நடந்து போய்க்கொண்டிருப்பார், அல்லது விளக்கில்லாத பக்கி (சிறு பிக்கப் வண்டி) நிற்கும். ஒதுங்கச் சொல்லி ஒளி அடித்து நெருக்காதீர்கள்.

லாரி வழியில் நின்றுவிட்டால்?

முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் குறைந்தது 45 மீட்டரில் வைக்க வேண்டும் என்பது சட்டம். வளைவோ மேடோ இருந்தால் அதற்கும் முன்னாலேயே வையுங்கள், நெடுஞ்சாலையில் நூறு மீட்டர் தள்ளி இன்னொன்றும் வையுங்கள். மரக்கிளையும் கல்லும் போட்டு அடையாளம் செய்துவிட்டு, போகும்போது அவற்றை அப்படியே விட்டுப்போவது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது. பின் ட்ரெய்லரின் மஞ்சள் ஒளிப்பட்டையும் சிவப்பு-மஞ்சள் செவ்ரான் பலகையும் சேறு படிந்திருந்தால் இரவில் அந்த வண்டியே இல்லாத மாதிரி. துடைக்க ஒரு துணி போதும்.

என்3-இல் சீடாராவுக்கும் ஹைடல்பர்க்குக்கும் நடுவே உதவிக்கு 0800 63 43 57. போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, செல்பேசியிலிருந்து 112.

காவடி ஊர்வலமும் தேரும் லாரித் தெருக்களைக் கடக்கும்போது?

கிளேர்வுட் போல லாரி யார்டுகள் கோயில் தெருவரை வந்துவிட்ட இடங்களில் மாநகரப் போலீஸ் அனுமதி மட்டும் போதாது. வழியில் உள்ள யார்டுகளுக்கு ஒரு வாரம் முன்பே நேரத்தை எழுத்தில் கொடுங்கள். ஞாயிறு காலை வாயிலைத் திறந்து பின்னோக்கி வரும் ட்ரெய்லருக்குத் தெருவில் ஊர்வலம் இருப்பது தெரியாது. தொண்டர்களை ஊர்வலத்தின் நடுவில் நிறுத்துவதை விடச் சந்து முனைகளிலும் யார்டு வாயில்களிலும், ஒளிரும் சட்டையோடு நிறுத்துங்கள். தண்ணீர் லாரி கூட வருமானால் அதன் முன்னும் பின்னும் ஆள் நடக்க வேண்டும், பிள்ளைகள் அதன் ஓரம் வரக் கூடாது.

விபத்து நடந்துவிட்டால் நஷ்டஈடு யார் தருவார்?

உடல் காயத்துக்கும் உயிரிழப்பால் வரும் வருமான இழப்புக்கும் சாலை விபத்து நிதியம் தரும். பெட்ரோல், டீசல் விலையில் ஒவ்வொரு லிட்டருக்கும் நாம் கட்டும் தொகைதான் அது. வண்டிச் சேதத்துக்கு அது தராது. அதற்குச் சொந்த இன்ஷூரன்ஸ் வேண்டும். மோதிய வண்டி யாருடையது என்று தெரிந்தால் கோரிக்கை வைக்க மூன்று ஆண்டு, மோதிவிட்டு ஓடிப்போன வண்டியென்றால் இரண்டே ஆண்டு. காயம் பட்ட விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு செய்து வழக்கு எண்ணைப் பெறுங்கள்.

எண்ணைக் குறிக்கும்போது ஒன்று. ஹார்ஸுக்கு ஒரு பதிவெண், ஒவ்வொரு ட்ரெய்லருக்கும் தனிப் பதிவெண். பின்னால் தெரிவதை மட்டும் எழுதினால் கிடைப்பது ட்ரெய்லரின் சொந்தக்காரர் பெயர். அது வாடகை ட்ரெய்லராகவும் இருக்கலாம். முன் எண், கதவில் எழுதிய பெயர், கண்ணாடியில் இடப்பக்கம் ஒட்டியிருக்கும் ஆபரேட்டர் வில்லை மூன்றையும் படம் எடுத்து வையுங்கள்.